திருடன்னு எழுதுறதுக்கு முன்னாடி: அவதூறு கேஸ் எப்படி வருது, வராம எப்படிப் பாத்துக்கறது

நான் வக்கீல் இல்லைங்க. சேலம் அஸ்தம்பட்டில கோர்ட்டுக்குப் பக்கத்துல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். வக்கீல் நோட்டீஸ், பதில் நோட்டீஸ், பிராது, அஃபிடவிட்னு பதினேழு வருஷமா அடிச்சு அடிச்சு சட்டம் கொஞ்சம் கையில ஒட்டிக்கிச்சு. முன்னெல்லாம் செக் பவுன்ஸ், வரப்புத் தகராறு, ஜீவனாம்சம் இதுதான் வரும். இப்ப அஞ்சாறு வருஷமா "எமது கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில் சமூக வலைதளத்தில் பதிவிட்டு"ன்னு ஆரம்பிக்கிற நோட்டீஸ் மாசம் ஒண்ணு ரெண்டாவது வந்துருது.

அந்த நோட்டீஸை வாங்குற ஜனங்க யாருன்னு பாத்தா வேணும்னே பொய் எழுதுறவங்க ரொம்பக் கம்மி. நெஜமாவே ஏமாந்தவங்க, கோவத்துல எழுதுனவங்க, "உண்மையத்தானே சொன்னேன்"னு நம்புறவங்க. அவங்களுக்கு நியாயம் இருந்தும் மாட்டிக்கிறாங்க, அதைப் பாக்க எனக்கு மனசு கேக்கல. அதனாலதான் இதை முதல்ல இருந்து எழுதுறேன்.

## ஒரு கொலுசும் ஒரு சீட்டும்

போன ஐப்பசில தாதகாப்பட்டில இருந்து ஒரு அக்கா வந்தாங்க. கையில நோட்டீஸ் கவர், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. பொண்ணோட சீருக்கு 160 கிராம்ல கொலுசு வாங்கிருக்காங்க, கடைக்காரர் 80 டச்னு சொல்லிருக்கார். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன், டச்னா வெள்ளியோட சுத்தம், 80 டச்னா நூத்துக்கு எம்பது பங்கு வெள்ளி. கொஞ்ச நாள்ல சந்தேகம் வந்து டச் பாக்குற கடைல குடுத்துப் பாத்தா 61.4னு சீட்டு வந்துருக்கு.

அக்கா வந்த கோவத்துல ஏரியா வாட்ஸப் குரூப்லயும் பேஸ்புக்லயும் கடைப் பேரு, போர்டு போட்டோ எல்லாம் போட்டு எழுதிட்டாங்க: "இவன் திருடன். வருஷக்கணக்கா ஊரையே ஏமாத்திட்டு இருக்கான். இவன் கடைல இருக்குறது எல்லாமே டுபாக்கூர் வெள்ளி. என் கொலுசு 80 டச்னு சொல்லி 61தான் இருந்துச்சு." நாலு வாக்கியம். பத்து லட்சம் நஷ்டஈடு, பதினஞ்சு நாள்ல எழுத்துல மன்னிப்புன்னு நோட்டீஸ்.

"நான் சொன்னது பொய்யா தம்பி? சீட்டு இருக்கு பாரு"ன்னு பர்ஸ்ல இருந்து எடுத்தாங்க. பஸ் டிக்கெட் சைஸ்ல வழவழன்னு ஒரு பேப்பர், வெள்ளி, செம்பு, துத்தநாகம்னு வரிசையா நம்பர், கீழ தேதி. சூட்டுல அடிக்கிற பேப்பர் அது, ரெண்டு மூணு மாசத்துலயே எழுத்து பாதி மங்கிருச்சு. நான் முதல்ல அதை ஜெராக்ஸ் போட்டு, போன்ல போட்டோவும் எடுத்துக் குடுத்துட்டுத்தான் மத்ததைப் பேசுனேன்.

அந்த சீட்டு அக்கா எழுதுன நாலு வாக்கியத்துல கடைசி ஒண்ணைத்தான் தாங்கும். மத்த மூணுக்கும் அவங்க கையில ஒண்ணும் இல்ல. இந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் சொல்லப்போறேன்.

## அவதூறுன்னா என்ன

ஒருத்தர் மேல உங்களுக்குக் கோவம். அவரையே கூப்புட்டு தனியா நாலு கேள்வி கேக்குறீங்க. அது சண்டை, அவதூறு இல்ல, ஏன்னா கேட்டது அவர் மட்டும்தான். அதையே டீக்கடை பெஞ்சுல உக்காந்து நாலு பேருகிட்ட சொல்றீங்க. இப்ப அந்த நாலு பேரு அவரைப் பாக்குற பார்வை மாறுது. அதையே மாரியம்மன் பண்டிகை மைக்ல சொன்னா ஊரே பாக்குற பார்வை மாறும். நெட்டுல எழுதுறது அந்த மைக் மாதிரிதான், ஆனா பண்டிகை முடிஞ்சாலும் ஓயாத மைக், ரெக்கார்டும் ஆயிட்டே இருக்கும்.

அவதூறுன்னா ஒரு ஆளோட மதிப்பை மத்தவங்க மனசுல கெடுக்குற மாதிரி, அதைக் கெடுக்கணும்னோ கெடும்னு தெரிஞ்சோ, ஒரு குற்றச்சாட்டைச் சொல்றது இல்ல எழுதுறது. ஆளுங்கறது தனி மனுஷன் மட்டும் இல்ல, கம்பெனி, சங்கம், கூட்டா தொழில் பண்றவங்க எல்லாருமே இதுல வருவாங்க. செத்துப்போனவரைப் பத்தி எழுதுனாக்கூட குடும்பத்தோட மனசை நோகடிக்கணும்னு எழுதிருந்தா அவதூறு ஆகலாம்.

இதுல வெளியீடுன்னு ஒரு வார்த்தை வரும். அச்சுப்போட்டு வித்தாத்தான் வெளியீடுன்னு நிறைய பேரு நெனைக்கறாங்க. சட்டத்துல மூணாவது ஒரு ஆள் காதுக்கோ கண்ணுக்கோ போயிருச்சுன்னா அதுவே வெளியீடு. ஸ்டேட்டஸ் வச்சு இருவது பேரு பாத்தாலும் வெளியீடு, பத்து பேரு இருக்குற குடும்ப குரூப்பும் வெளியீடு.

இதுவரைக்கும் சுருக்கமா: ஒரு குற்றச்சாட்டு, அது யாரைப் பத்தின்னு தெரியணும், மூணாவது ஆளுக்குப் போயிருக்கணும், அதனால மதிப்பு கெடும்னு எழுதுனவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

## பேரு போடலையே, அப்புறம் எப்படி

இந்தச் சட்டம் எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். 1860ல வந்த இந்திய தண்டனைச் சட்டத்துல 499, 500ன்னு ரெண்டு பிரிவு. 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்ப இது 356வது பிரிவா மாறிச்சு, ஆனா உள்ள இருக்குற சங்கதி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு.

அந்தப் பழைய சட்டத்துல ஒரு கடிகாரத் திருட்டு உதாரணம் வருது. ஒருத்தர் சொல்றார், "அவர் ரொம்ப யோக்கியருங்க, கடிகாரத்தை அவர் திருடவே இல்ல." கேக்குறவங்க அவர்தான் திருடுனார்னு நம்பணும்னு நக்கலா சொன்னா அது அவதூறு. யாரு திருடுனதுன்னு கேட்டதுக்கு வாயே திறக்காம ஒருத்தரை கை காட்டுனா அதுவும் அவதூறு. அவர் கடிகாரத்தை எடுத்துக்கிட்டு ஓடுற மாதிரி படம் வரைஞ்சாலும் அவதூறு.

கடைசி உதாரணத்தைப் பாருங்க, நாம இன்னைக்கு மீம்னு சொல்றதேதான். நெறைய பசங்க "மீம் தானே, காமெடிக்குத்தானே"ன்னு சொல்றாங்க, 1860லயே படத்துக்கும் இடம் ஒதுக்கி வச்சிருக்காங்க.

அதே மாதிரி "பேரு போடல"ங்கறதும் காப்பாத்தாது. "ஏற்காட்டுல ஏரிக்குப் பக்கத்துல பச்சை கேட்டு போட்ட, ரெண்டு நாய் வச்சிருக்கற ஹோம்ஸ்டே ஓனரு"ன்னு எழுதுனா மலைல பாதிப் பேருக்கு யாருன்னு தெரிஞ்சுரும். கேள்வி பேரு இருக்கா இல்லையாங்கறது இல்ல, படிக்கிறவங்களுக்கு ஆள் தெரியுதாங்கறதுதான். "கேள்விப்பட்டேன்", "சொல்லிக்கறாங்க", "ஃபார்வர்டா வந்துச்சு"ன்னு முன்னாடி ஒட்டுறதும் ஆகாது, இன்னொருத்தர் சொன்னதை நீங்க திரும்பச் சொன்னா அது உங்க சொல்லும்தான்.

## உண்மைதானே, அப்புறம் என்ன

பெரும்பாலானவங்க சறுக்குற எடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமாப் படிங்க.

அவதூறுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சிவில், அதாவது நஷ்டஈடு கேக்குற வழக்கு. இன்னொண்ணு கிரிமினல், தண்டனை கேக்குற வழக்கு. ஒரே பதிவுக்கு ரெண்டையும் போடலாம்.

சிவில்ல நீங்க எழுதுனது உண்மைன்னு நிரூபிச்சுட்டா அதோட முடிஞ்சுது. இந்த வழக்கைப் பதிவு வந்து 1 வருஷத்துக்குள்ள போடணும்.

கிரிமினல்ல உண்மை மட்டும் பத்தாது. உண்மையாவும் இருக்கணும், அதைச் சொல்றதுல பொதுநன்மையும் இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷம் முன்னாடி கடன் கட்ட முடியாம ஊரைவிட்டுப் போயிருந்தார்னு வையுங்க, அது உண்மையாவே இருக்கட்டும், இன்னைக்கு அதைக் குரூப்ல போட்டு யாருக்கு என்ன நன்மை? ஆனா கொலுசுல டச் கம்மின்னு சொன்னா அடுத்து வாங்கப்போறவங்க சோதிச்சு வாங்குவாங்க, அதுல பொதுநன்மை இருக்குன்னு வாதாடலாம்.

கிரிமினல்ல தண்டனை அதிகபட்சம் 2 வருஷம் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும், புதுச் சட்டத்துல இதுக்குப் பதிலா சமூக சேவையும் சேத்துருக்காங்க. இந்தக் கிரிமினல் பிரிவே வேண்டாம், பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 2016 மே மாசம் பிரிவு செல்லும்னு தீர்ப்பு வந்துருச்சு. என்னோட கருத்துல நஷ்டஈடு வழக்கே போதும், எழுதுனதுக்கு ஜெயில்ங்கறது ஞாயமா படல. ஆனா இன்னைக்குச் சட்டம் இப்படித்தான் இருக்கு, அதை வச்சுத்தான் நம்ம காரியத்தைப் பாக்கணும்.

ஒரு ஆறுதல் உண்டு. வெறும் அவதூறுக்கு மட்டும்னா போலீஸ் நேரா எஃப்ஐஆர் போட்டு வீட்டுக்கு வந்து தூக்கிட்டுப் போக முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்ட்ரேட்கிட்ட நேரடியாப் புகார் குடுக்கணும், இதுக்குப் பேரு தனிநபர் புகார். ஜாமீன்ல வரக்கூடிய குற்றம். புது நடைமுறைச் சட்டத்துல மாஜிஸ்ட்ரேட் வழக்கைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடியே உங்க தரப்பையும் கேக்கணும்னு வந்துருக்கு. "66ஏ போட்டு உள்ள வச்சுருவேன்"னு யாராவது மிரட்டுனா, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட அந்த 66ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச் 24லயே ரத்து பண்ணிருச்சு. இல்லாத பிரிவுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்ல.

## நல்லெண்ணம்னா நல்ல மனசு இல்ல

அவதூறுப் பிரிவுல பத்து விதிவிலக்கு இருக்கு. பத்தையும் இங்க சொல்லல, நமக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கறேன். அதுல பாதிக்கு மேல நல்லெண்ணத்தோட சொல்லிருந்தா குற்றம் இல்லைன்னு வரும். படிக்கிறவங்க உடனே "எனக்கு நல்ல மனசுதான், கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல"ன்னு நெனைச்சுக்கறாங்க. அங்கதான் தப்பு நடக்குது.

சட்டத்துல நல்லெண்ணத்துக்கு அர்த்தமே வேற. தகுந்த கவனமும் அக்கறையும் இல்லாம செஞ்ச எதுவும், நம்புன எதுவும் நல்லெண்ணம் ஆகாது. மனசு எவ்வளவு வெள்ளையா இருந்தாலும் சரிபாக்காம எழுதுனீங்கன்னா அங்க நல்லெண்ணம் இல்ல.

நம்ம ஊரு ஜவ்வரிசியை எடுத்துக்கங்க. ஜவ்வரிசில மக்காச்சோள மாவு கலக்குறாங்கன்னு சேலம் பக்கம் அடிக்கடி பேச்சு வரும். ஒருத்தர் பாக்கெட் வாங்கி ஊற வச்சுப் பாக்குறார், கொழகொழன்னு ஆயிருது, உடனே கம்பெனிப் பேரோட "கலப்படம்"னு வீடியோ போடறார். இன்னொருத்தர் அதே பாக்கெட்டை பில்லோட எடுத்துட்டுப் போயி லேப்ல குடுத்து, ரிசல்ட் வாங்கி, கம்பெனிக்கு மெயில் போட்டு "இப்படி வந்துருக்கு, உங்க பதில் என்ன"ன்னு கேட்டு, ஒரு வாரம் பொறுத்து, பதில் வந்தா அதையும் சேத்துப் போடறார். ரெண்டு பேரும் நல்ல மனுஷங்கதான், ரெண்டு பேரும் ஜனங்களுக்கு நல்லது நடக்கட்டும்னுதான் போட்டாங்க, ஆனா கோர்ட்டு பாஷைல ரெண்டாவது ஆளுகிட்டதான் நல்லெண்ணம் இருக்கு. ஊறவச்சா கொழகொழன்னு ஆகுறதுக்குக் கலப்படம்தான் காரணமா வேற ஏதாவதான்னு முதல் ஆளு பாக்கவே இல்லையே.

எதிர்த்தரப்புகிட்ட பதில் கேக்குறதை யாருமே பண்றதில்ல. நோட்டீஸ் அடிக்கும்போது நான் பாத்த வரைக்கும், அந்த ஒரு மெயில் இருந்தாலே பதில் நோட்டீஸோட பலம் கூடிருது. "தங்களிடம் இன்ன தேதியில் விளக்கம் கேட்கப்பட்டும் தாங்கள் பதிலளிக்கவில்லை"ன்னு ஒரு வரி எழுத முடியுது பாருங்க, அதுக்குப் பெறுமானம் அதிகம்.

இன்னொரு விதிவிலக்கு எல்லாருக்கும் உதவும். அதிகாரம் உள்ள எடத்துல நல்லெண்ணத்தோட குடுக்குற புகார் அவதூறு ஆகாது. போலீஸ், உணவுப் பாதுகாப்புத் துறை, நுகர்வோர் ஆணையம் இங்கெல்லாம் தைரியமா எழுதலாம். அந்தக்கா முதல்ல நுகர்வோர் ஆணையத்துல புகாரைப் போட்டுட்டு, "இப்படி ஒரு புகார் குடுத்துருக்கேன்"னு மட்டும் குரூப்ல சொல்லிருந்தா அவங்க நெலமையே வேறயா இருந்துருக்கும்.

உங்க சொந்த நலனைக் காப்பாத்திக்கச் சொல்றதுக்கும் வழி இருக்கு. சட்டத்துலயே உதாரணம் உண்டு, ஒரு கடைக்காரர் தன் கடையைப் பாத்துக்கறவர்கிட்ட "அந்த ஆளுக்கு ரொக்கம் குடுத்தாத்தான் சரக்கு, அவர் நாணயம் மேல எனக்கு நம்பிக்கை இல்ல"ன்னு சொல்றார். யாருக்குத் தெரியணுமோ அவருக்குச் சொன்னார். அதையே போர்டுல எழுதி கடை வாசல்ல தொங்கவிட்டா இந்தப் பாதுகாப்பு நிக்காது. நம்ம பக்கம் ஏலச்சீட்டுப் பணம் கட்டாதவங்க போட்டோவை ஸ்டேட்டஸ்ல வைக்கிறாங்களே, அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உதாரணம்தான் ஞாபகம் வரும்.

சுருக்கமா: நல்லெண்ணம்னா சரிபாத்தது. சரிபாத்ததுக்குத் தடயம் இருக்கணும். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லிருக்கணும்.

## பிடிக்கலன்னு சொல்றதும் ஏமாத்துனாங்கன்னு சொல்றதும்

தட்டுவடை செட் சாப்பிடுறீங்க. "காரச் சட்னி ரொம்ப உப்பு, வடை நமுத்துப் போச்சு, நாப்பது ரூபாய்க்கு இது தண்டம்" இது அபிப்பிராயம், உங்க நாக்கு, உங்க காசு. "நேத்து மீந்த சட்னியை இன்னைக்கு கலந்து குடுக்குறாங்க" இது தகவல். அபிப்பிராயத்துக்கு அனுபவிச்சிருந்தா போதும். தகவலுக்கு ஆதாரம் வேணும். எழுதி முடிச்சதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து இது எதுன்னு பிரிச்சுப் பாத்தாலே பாதிப் பிரச்சனை அங்கயே தெரிஞ்சுரும்.

"என் கருத்து"ன்னு முன்னாடி போட்டா தகவல் அபிப்பிராயமா மாறிறாது. "என் கருத்துல அவர் லஞ்சம் வாங்குறார்"ங்கறது குற்றச்சாட்டுதான்.

புத்தகம், நாடகம், சினிமா, பாட்டு, பேச்சுன்னு பொதுவுல வச்ச படைப்பை நல்லெண்ணத்தோட விமர்சனம் பண்றதுக்குன்னே ஒரு விதிவிலக்கு இருக்கு, படைப்புல தெரியுற அளவுக்குப் படைச்சவரையும் சேத்துச் சொல்லலாம். "இந்தப் புத்தகம் முட்டாள்தனமா இருக்கு, எழுதுனவர் புத்தி பலவீனமானவரா இருக்கணும்"னு சொன்னா தப்பில்ல, ஏன்னா புத்தகத்தைப் படிச்சு அந்த முடிவுக்கு வர்றீங்க. "அந்த ஆளு ஒழுக்கம் கெட்டவரு, அதான் புத்தகமும் இப்படி இருக்கு"ன்னா மாட்டிக்குவீங்க, ஏன்னா இப்ப புத்தகத்தை விட்டுட்டு ஆளோட வாழ்க்கைக்குள்ள போயிட்டீங்க. இதுவும் சட்டப் புத்தகத்துலயே இருக்குற உதாரணம்தான். ஹோட்டல், ஹோம்ஸ்டே ரிவ்யூ எழுதும்போதும் இதே பழக்கத்தை வச்சுக்கலாம், ரூமைப் பத்தி என்ன வேணா எழுதுங்க, ஓனரோட குடும்பத்தைத் தொடாதீங்க.

## அரசாங்கத்தைப் பத்தி எழுதலாமா

தாராளமா எழுதலாம். இதுக்கு ஒரு தீர்ப்பு இருக்கு, அதுல நம்ம ஊருக்கும் சின்ன சம்பந்தம் உண்டு.

ஆட்டோ சங்கர் தெரியும்ல, கொலை வழக்குல தூக்குத் தண்டனை வாங்குனவர். செங்கல்பட்டு ஜெயில்ல இருந்தப்ப தன் கதையை எழுதுறார், அதுல பெரிய அதிகாரிங்க சிலரோட தொடர்பு வருதுன்னு பேச்சு. நக்கீரன் பத்திரிகை அதைத் தொடரா போடறோம்னு அறிவிச்சதும் சிறைத்துறைல இருந்து போடக்கூடாது, போட்டா நடவடிக்கைன்னு கடிதம் போச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி 1994 அக்டோபர் 7ல ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசுன்னு தீர்ப்பு வந்துச்சு, ராஜகோபால்ங்கறது நக்கீரன் ஆசிரியர். அடுத்த வருஷம் ஏப்ரல்ல ஆட்டோ சங்கரைத் தூக்குல போட்டது நம்ம சேலம் மத்திய சிறைலதான்.

அந்தத் தீர்ப்புல நமக்கு வேண்டியது இவ்வளவு. ஒண்ணு, அதிகாரிங்களுக்கு அவதூறு ஆகும்னு சொல்லி அச்சுல வர்றதுக்கு முன்னாடியே தடுக்குற அதிகாரம் அரசாங்கத்துக்கு இல்ல. அரசாங்கமோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு பண்ணிட்டாங்கன்னு நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. அதிகாரி தன் வேலைல செஞ்சதைப் பத்தி எழுதுனது தப்பாவே இருந்தாலும், உண்மையான்னு கவலையே படாம எழுதுனாங்கன்னு காட்டுனாத்தான் நஷ்டஈடு கெடைக்கும். அப்புறம் கோர்ட்டு ஆவணம் மாதிரி பொதுப் பதிவுல இருக்கறதை எடுத்து எழுதலாம், பாலியல் வன்கொடுமை, கடத்தல் மாதிரி குற்றத்துல பாதிக்கப்பட்ட பொண்ணுங்களைத் தவிர வேற யாரும் அதுல அந்தரங்க உரிமைன்னு கேக்க முடியாது.

ஆக, "எங்க தெருவுல மூணு வாரமா சாக்கடை ஓடுது, மாநகராட்சி என்ன பண்ணுது"ன்னு போட்டோவோட போடுங்க, யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா "இந்த இன்ஜினியர் இவ்வளவு லட்சம் வாங்கிட்டார்"னு தனி ஆளு மேல எழுதும்போது மறுபடியும் பழைய கேள்வி வந்துரும், கையில என்ன இருக்கு. தீர்ப்பு சொன்னது நஷ்டஈடு வழக்குக்குத்தான், அதிகாரிக்காக அரசு வக்கீல் கிரிமினல் புகார் போடுற வழி தனியா இருக்கு. அதையும் தொட்டதுக்கெல்லாம் பயன்படுத்த முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாசம் பத்திரிகைகள் மேல அரசு போட்ட ஒரு கத்தை அவதூறு வழக்கை ரத்து பண்ணுச்சு.

கோர்ட்டு, போலீஸ் செய்தி எழுதுறவங்க ஒரு வார்த்தைல கவனமா இருங்க. எஃப்ஐஆர் போட்டாலே குற்றவாளி இல்ல, தீர்ப்பு வர்ற வரைக்கும் குற்றம் சாட்டப்பட்டவர். "திருடன் கைது"ன்னு எழுதறதுக்கும் "திருட்டு வழக்கில் ஒருவர் கைது"ன்னு எழுதறதுக்கும் நடுவுல ஒரு அவதூறு கேஸே இருக்கு.

## ஃபார்வர்ட் பண்ணவருக்கும் உண்டு

2018ல நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களைப் பத்தின கேவலமான ஒரு பதிவை பேஸ்புக்ல ஷேர் பண்ணார். நான் எழுதல, படிக்காம பகிர்ந்துட்டேன், அழிச்சுட்டேன்னு சொன்னார். ஃபார்வர்ட் பண்றதுன்னா அதை ஏத்துக்கிட்டு ஆமோதிக்கிறதுக்குச் சமம்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிருச்சு. வழக்கை ரத்து பண்ணச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு போனார், 2023ல முடியாதுன்னுட்டாங்க. 2024 பிப்ரவரில சென்னை சிறப்பு நீதிமன்றம் 1 மாசம் சிறை, 15,000 ரூபா அபராதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அது அவதூறுப் பிரிவுல வந்த வழக்கு இல்ல, பெண்களை இழிவுபடுத்துன வழக்கு, ஆனா ஃபார்வர்ட் பத்திச் சொன்னது எல்லாருமே மனசுல வச்சுக்க வேண்டிய சங்கதி.

குரூப் அட்மின்கள் நிறைய பேரு பயந்துபோயி எங்கிட்ட கேப்பாங்க. வெறும் அட்மினா மட்டும் இருந்து, வேற எந்த வகைலயும் சம்பந்தப்படலன்னா மெம்பர் போட்டதுக்கு அவரைச் சேக்க முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரை அமர்வு 2021ல சொல்லிருக்கு. தெரிஞ்சே தூண்டிவிட்டா கதை வேற.

## அவதூறோட சேத்துக் குழப்பக்கூடாத சில விஷயம்

இதெல்லாம் வேற பிரிவு, போலீஸ் நேராவே வரலாம், அதனால சுருக்கமா சொல்லிட்டுப் போறேன். பாலியல் வன்கொடுமைல பாதிக்கப்பட்ட பொண்ணோட பேரு, போட்டோ, வீடு, ஸ்கூல் எதுவுமே போடக்கூடாது, இரக்கப்பட்டுப் போட்டாலும் குற்றம்தான். குழந்தைங்கன்னா போக்சோ சட்டத்துலயும் தனியாத் தடை இருக்கு. "நீதி வேண்டும்"னு எழுதி அந்தக் குழந்தை போட்டோவையே ஸ்டேட்டஸ்ல வைக்கிறாங்க, தயவுசெஞ்சு உடனே எடுத்துருங்க. சாதிப் பேரைச் சொல்லித் திட்டுறது, மதத்தை வச்சு மூட்டிவிடுறது இதுக்கெல்லாம் தனித்தனிச் சட்டம் இருக்கு.

போட்டோ விஷயமும் அடிக்கடி நோட்டீஸா வருது. ஒருத்தர் எடுத்த படமோ எழுத்தோ அவரோடது, அதுக்குப் பேரு பதிப்புரிமை. பதிவு பண்ணாட்டியும் படைச்ச நிமிஷமே அது வந்துரும், போட்டோவுக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம் இருக்கும். ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இருக்குல்ல, அதை நீங்களே போன்ல எடுத்துப் போட்டா ஒரு பிரச்சனையும் இல்ல, கட்டடத்தைப் படம் எடுக்கறதுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டமே வழி விட்டுருக்கு. ஆனா அதே வளைவை இன்னொருத்தர் காலைப் பனில நின்னு எடுத்த படத்தை கூகுள்ல இருந்து எடுத்து "நன்றி: இணையம்"னு போட்டா அது மீறல். நன்றி சொல்றது வேற, அனுமதி வாங்குறது வேற. ஒரு மெசேஜ் அனுப்பிக் கேட்டா பாதிப் பேரு சந்தோஷமா குடுத்துருவாங்க.

## நோட்டீஸ் வந்துட்டா

வக்கீல் நோட்டீஸ் கோர்ட்டு சம்மன் இல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் எழுதுன கடிதம், அவ்வளவுதான். அதுல இருக்குற பத்து லட்சமும் அவங்க கேக்குற தொகை, கோர்ட்டு போட்டது இல்ல. ஆனா கெடப்புல போடாதீங்க, பதில் குடுக்கறது நல்லது.

வந்த உடனே பண்ற பெரிய தப்பு பயத்துல எல்லாத்தையும் அழிச்சுடறது. பதிவை எடுக்கணுமா வேண்டாமாங்கறது வக்கீலைக் கேட்டு முடிவு பண்ற விஷயம், அதுக்கு முன்னாடி உங்க பதிவு, தேதி, கீழ வந்த கமெண்ட் எல்லாத்தையும் முழுசா எடுத்து வையுங்க. கோர்ட்டுல ஸ்கிரீன்ஷாட் குடுக்கணும்னா கூடவே ஒரு சான்றிதழும் குடுக்கணும், அதனால எடுத்த போனையும் மாத்தாதீங்க, பார்மட் பண்ணாதீங்க. ரெண்டாவது தப்பு, கடைக்காரருக்கு ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணா மன்னிச்சுருங்க, தெரியாம எழுதிட்டேன்"னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புறது. சரியா எழுதுன வாக்கியத்தையும் சேத்துத் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி அதை நாளைக்குக் காட்டுவாங்க.

வக்கீலுக்குக் காசு இல்லைன்னா கோர்ட்டு வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குப் போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. இது அந்தக் கொலுசு அக்காவுக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அவங்களை அங்கதான் கூட்டிட்டுப் போனேன். வக்கீல் அம்மா நாலு வாக்கியத்தையும் படிச்சாங்க, சீட்டைப் பாத்தாங்க, பில் இருக்கான்னு கேட்டாங்க. பில் இருந்துச்சு, அதுல கையால 80னு எழுதி வட்டம் போட்டுருந்துச்சு. முதல் மூணு வாக்கியத்தையும் எடுத்துறச் சொன்னாங்க, அது கோவத்துல பொதுவா எழுதுனது, வருத்தம் தெரிவிக்கிறோம்னு பதில்ல ஒரு வரி. நாலாவதைப் பத்தி மன்னிப்பே கேக்கல. அந்தப் பதில் நோட்டீஸை நான்தான் அடிச்சேன், பில் நகல், சீட்டு நகல் ரெண்டும் இணைப்பு. குரூப்ல அக்கா புதுசாப் போட்டது இது:

"இந்தக் கடைல இன்ன தேதில 160 கிராம் கொலுசு வாங்குனேன். பில்லுல 80 டச்னு இருக்கு. வெளிய சோதிச்சப்ப 61.4னு வந்துருக்கு. சீட்டும் பில்லும் கீழ இருக்கு. கடைல விளக்கம் கேட்டுருக்கேன், வந்ததும் போடறேன்."

பதினோரு நாள் கழிச்சு கடைல இருந்து ஆள் வந்து கொலுசைத் திரும்ப வாங்கிட்டு வித்தியாசத் தொகையோட புதுசு குடுத்துட்டுப் போனாங்க. அக்கா அதையும் குரூப்ல போட்டாங்க.